ஓனாவின் கொடியும் ஹோய்டின் கத்தரியும்

ஹோய்ட் கார்லிஸ் தன் மனைவிக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கிக் கொடுத்ததில்லை. சாக்லேட் பெட்டி, சங்கிலி, மோதிரம், அதெல்லாம் கிடையவே கிடையாது. பிப்ரவரி பதினாலாம் தேதி ஊர் ஆம்பிளைகளெல்லாம் மருந்துக்கடையில் சிவப்புப் பெட்டிக்கு முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள். இவர் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வெட்டுக்கத்தரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருப்பார். கிழக்கு டெக்சாஸில் எங்கள் பக்கம் ரோஜாவைக் கவாத்து செய்கிற நாள் காதலர் தினம்தான். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்பன் வெட்டினான், மகன் வெட்டுகிறான், அவ்வளவுதான்.

நெல்டாவுக்கு வீட்டைச் சுற்றி இருபத்திரண்டு ரோஜாப் புதர்கள். முள் கீறினால் அவள் கை வீங்கிப்போகும். அதனால் கல்யாணமான முதல் வருஷமே ஹோய்ட் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டார். முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது, நாலு நல்ல கிளையை விட்டு மற்றதை எடு, வெளிப்பக்கம் பார்க்கிற கணுவுக்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு. சாயங்காலம் கையெல்லாம் ரத்தக் கீறலோடு வந்து சமையலறையில் நின்றால் நெல்டா பார்த்துவிட்டு, "போதும்யா உன் காதல், கையக் கழுவு" என்பாள். முப்பத்தோரு வருஷமாக இதுதான் அந்த வீட்டுக் காதலர் தினம்.

இருபத்திமூன்றாவது ஒன்று இருந்தது. கிணற்றுக் கொட்டகையின் தகரக் கூரை மேல் ஏறிக் கிடந்த கொடிரோஜா. வீடே நெல்டாவின் அம்மா ஓனா வீடுதான்; அவள் யாரிடமோ ஒரு குச்சி வாங்கி வந்து, மண்ணில் குத்தி, ஊறுகாய் போடுகிற கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து முளைக்க வைத்தது. அந்த யாரோ யார் என்று ஓனா சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஏப்ரல் பத்து வாக்கில் கூரை பூராவும் பூக்கும். கை நிறைகிற பெரிய பூ, உள்ளே ஒரு ரோஸ், வெளியே வேறொரு ரோஸ், பாரம் தாங்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். பன்னிரண்டு அடி உயரத்தில்! வாசனையைப் பிடிக்க வேண்டுமானால் காற்று இந்தப் பக்கம் அடிக்க வேண்டும். இது என்ன ரோஜா என்று நெல்டா கேட்காத ஆளில்லை. நர்சரிகளுக்கு எழுதினாள், மாவட்டக் கண்காட்சிக்கு ஜாடியில் தூக்கிக்கொண்டு போனாள். அவனவன் ஒரு பேர் சொன்னான். கடைசியில் "ஓனாவின் கொடி" என்றே நின்றுவிட்டது.

அந்தக் கொடியை மட்டும் நெல்டா யார் கையிலும் விட்டதில்லை. வருஷா வருஷம் மே மாதம் பூவெல்லாம் ஓய்ந்த பிறகு, ஏணி போட்டு ஏறி, காய்ந்ததை மட்டும் எடுத்து, நீளக் கிளைகளை வளைத்துக் கட்டிவிட்டு இறங்குவாள். மே மாதம் ஹோய்டுக்கு வைக்கோல் வேலை. விடிந்தால் வயலில் இருப்பார். ஆகவே முப்பத்தோரு வருஷமாக அந்த ஏணியை அவர் பார்த்ததே இல்லை. பெண்டாட்டி செய்கிற வேலை கண்ணில் பட்டால் அவர் எப்படி ஆம்பிளை?

அந்த ஜனவரியில் நெல்டாவின் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். ஹூஸ்டனில் கதிர் வைத்தியம், இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அவளுடைய தங்கை வெர்லீன் அங்கேதான் இருந்தாள். நாற்பது மாட்டைப் போட்டுவிட்டு ஹோய்ட் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு.

கிளம்புகிற அன்று நெல்டா வண்டியில் ஏறாமல் கிணற்றுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஹோய்ட், நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல."

"கேளு."

"ஏப்ரல்ல நான் திரும்பி வர்றப்ப அம்மாவோட கொடி பூத்திருக்கணும். அத ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும். அப்புறம் டாக்டரு என்ன வேணாலும் சொல்லட்டும்."

"அது நான் சொல்லியா பூக்குது? தானா பூக்கும்டி. ஏறு வண்டியில."

பிப்ரவரி பதினாலு வந்தது. வீடு வெறிச்சென்று கிடந்தது. ஹோய்ட் விடிந்ததும் ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு புதரையும் முடித்துவிட்டார். முடித்துவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் கொடி பட்டது. பழைய கிளை, புதுக் கிளை, எல்லாம் சிக்கிச் சிடுக்காகக் கிடந்தது. பாவம், இந்த வருஷம் அவள் இல்லையே, இதையும் சேர்த்துச் செய்துவிடுவோம், வந்து பார்த்தால் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தார். இதை நினைக்கும்போது மனுஷனுக்குக் கண் கலங்கியது. அவ்வளவு பிரியம். ஏணியைப் போட்டார், ரம்பத்தை எடுத்தார், விசிலடித்துக்கொண்டே மேலேயிருந்து கீழே வரைக்கும் அறுத்துத் தள்ளினார். மணிக்கட்டுப் பருமனான அடிமரம், நாற்பத்தைந்து வருஷத்து மரம், முழங்கால் உயரத்துக்குச் சாய்வாக ஒரு வெட்டு. என்னத்தைச் சொல்ல!

நேரான கிளையாகப் பொறுக்கி ஒடித்து, அன்றைக்கே விதைத்த பட்டாணிப் பாத்தியில் கொடி ஏறுவதற்கு முப்பது குச்சி ஊன்றினார். மிச்சத்தைப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினார். ஆறு மணிக்குத் தொலைபேசியில் நெல்டாவிடம், "உனக்கு ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன், வந்து பாரு" என்றார்.

"வாழ்த்து அட்டை வாங்கிட்டியா?" என்று அவள் சிரித்தாள்.

ஆச்சரியத்தை முதலில் பார்த்தவன் பக்கத்துப் பண்ணை டாய்ல். செவ்வாய்க்கிழமை குழி தோண்டும் கருவியை இரவல் கேட்க வந்தவன் கிணற்றடியில் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏன்யா, இங்க ஒரு கொடி இருந்துச்சே?"

"கவாத்து பண்ணிட்டேன்."

டாய்ல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மாடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தது. "அட கூறுகெட்டவனே! கொடிரோஜா போன வருஷத்துக் கிளையிலதான்யா பூக்கும்! அத வெட்டிட்டு எதுல பூக்கச் சொல்ற, தகரத்துலயா? அதனாலதான நெல்டா மே மாசம் ஏணியில ஏறுறா! நீ அவ கையாலதான் சாகப்போற..."

சொல்லி முடிக்கும்போதுதான் அவனுக்கே உறைத்தது. சாவு என்ற வார்த்தையை அந்த வீட்டில் அப்போது யாரும் சொல்லக் கூடாது. சிரிப்பு நின்றது. ஹோய்ட் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டாய்ல் கருவியைக்கூட எடுக்காமல், தொப்பியைக் கையில் பிடித்தபடி, "நான் வரேன் ஹோய்ட்" என்று போய்விட்டான்.

ஹோய்ட் வெட்டிய அடிமரத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத் தன் கையாலேயே, விசிலடித்துக்கொண்டே அறுத்துப் போட்டாயிற்று. எழுந்து போய்ப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். சாம்பல்தான் இருந்தது.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. முட்டாள்தனமான யோசனைதான், ஆனால் மூழ்குகிறவன் எதைப் பிடிப்பான் என்று இருக்கிறது? இது என்ன ரோஜா என்று பேர் தெரிந்துவிட்டால், அதே ரோஜாவைப் பெரிசாக எங்கிருந்தாவது வாங்கி வந்து, நட்டு, கூரையில் கட்டிவிடலாம். நெல்டாவுக்குத் தெரியவே வேண்டாம்.

அடுத்த மாவட்டத்தில் யூலா டீட்ஸ் என்று ஒரு அம்மா. நீதிமன்றத்தில் பத்திரப் பதிவு பார்த்து ஓய்வு பெற்றவர். இடிந்த வீடு, பழைய கல்லறை என்று சுற்றி, பேர் தெரியாத ரோஜாவை எல்லாம் குச்சி ஒடித்து வந்து வளர்த்துப் பேர் கண்டுபிடிக்கிறவர். ஹோய்ட் அங்கே போனார். கூடவே கொடிக்கு அடியில் எடுத்த கல்யாணப் படம், சட்டம் போட்டபடியே. நெல்டா கைக்குட்டைகளுக்கு நடுவே வைத்திருந்த உலர்ந்த இதழ் ஒரு பை. பீப்பாய்ப் பக்கம் சிதறிக் கிடந்த ரெண்டு காய். ஒரு முள்.

யூலா ரப்பர் பூட்ஸோடு பாத்தியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பூதக்கண்ணாடியை எடுத்து முள்ளைப் பார்த்தார், இதழை மோந்தார்.

"கலப்பின ரோஜா, டீ ரோஜான்னு சொல்றது. கொடிச் சாதி. அது வரைக்கும் சொல்லலாம். இதுக்கு மேல பூ வேணும். முகத்த மூடிக்கிட்டு வந்தவள யாருன்னு கேட்டா நான் எப்படிச் சொல்றது? மூணு ரோஜாப் பேரு மனசுல வருது. இதழ எண்ணணும், காம்பப் பாக்கணும், பச்சைப் பூவ மோந்து பாக்கணும். கிளையெல்லாம் எங்க?"

"கொளுத்திட்டேன்."

யூலா கண்ணை மூடிக்கொண்டார். "ஒரே ஒரு குச்சி வெச்சிருந்தா ஜாடி போட்டிருக்கலாமே, பாவி மனுஷா."

"ஏப்ரலுக்குள்ள இதே மாதிரி பெருசா ஒண்ணு..."

"எங்க கிடைக்கும்? வானத்துலேர்ந்தா? இங்க பாரு ஹோய்ட், உக்காரு. உக்காந்து கேளு." அவரைக் கவிழ்த்த வாளி மேல் உட்கார வைத்தார். "இந்தச் சாதி மொதல்ல கொடியே இல்ல. புதர். எங்கயோ ஒரு புதர்ல ஒரு கிளைக்குக் கிறுக்குப் பிடிச்சு நீளமா ஓடியிருக்கு. அந்தக் கிளைய வெட்டி வெட்டி வெச்சு வந்ததுதான் இந்தக் கொடியெல்லாம். இப்ப நீ அடியோட அறுத்துட்ட. அறுத்தா சில சமயம் அதுக்குப் பழைய புத்தி வந்துடும். புதராவே மொளைக்கும்."

"எப்படித் தெரியும்?"

"தளிரப் பாரு. ரெண்டடி வந்ததும் நுனியில மொட்டு வெச்சுதுன்னா புதர். ஏப்ரல்லயே பூக்கும், ஆனா இனிமே கூரை ஏறாது. மொட்டு வெக்காம மேல மேல ஓடிக்கிட்டே இருந்தா, கொடி பொழைச்சுது. ஆனா இந்த வருஷம் பூ கிடையாது."

ஹோய்ட் தொப்பியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "அப்ப நான் எத வேண்டிக்கட்டும்?"

நாற்பது வருஷம் நீதிமன்றத்தில் யார் வாய்க்கும் பதில் வைத்திருந்த அம்மாள். அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். "மொட்டு வந்தா கூப்பிடு, நானே வரேன்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஹூஸ்டனுக்குப் போகும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினார். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். வெர்லீன் வீட்டு சோபாவில் நெல்டா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெர்லீன் கொண்டுவந்த வாழைப்பழப் புட்டிங்கை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, போதும் என்று தள்ளினாள்.

"ஹோய்ட், கொடியில தளிர் வந்துடுச்சா? செவப்பா வருமே, கூரை மேல?"

"வந்துடுச்சு. கூரை பூரா தளிர்டி."

வாயிலிருந்து அது தானாக விழுந்தது. நெல்டா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள், அந்த மாதம் அவள் சிரித்த ஒரே சிரிப்பு என்று வெர்லீன் அப்புறம் வாசலில் வைத்துச் சொன்னாள். அதற்கு மேல் யார் உண்மையைச் சொல்வது? ஹோய்ட் திரும்பி வரும் வழியில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, வாய்விட்டு அழுதார். அறுபத்திமூன்று வயசு மனுஷன், எருது மாதிரி உடம்பு, ஸ்டீரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

மார்ச் முதல் வாரம் அடிமரத்தில் நாலு தளிர் சிவப்பாக எட்டிப் பார்த்தது. அன்று முதல் அவர் மாட்டுக்குத் தீவனம் வைக்கிறாரோ இல்லையோ, காலையில் தச்சுக்கோலை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிடுவார். நாலு அங்குலம். ஏழு. பதினொன்று. நாளுக்கு ஒரு வேண்டுதல். திங்கட்கிழமை மொட்டு வரட்டும் சாமி, அவள் பார்த்துவிடட்டும் என்பார். செவ்வாய்க்கிழமை ஐயோ வேண்டாம், ஓனா வைத்த கொடி போய்விடுமே என்பார். தேவாலயத்தில் யாருக்காவது ஜெபிக்க வேண்டுமா என்று போதகர் கேட்டபோது எழுந்து நின்று வாயைத் திறந்தவர், என்ன கேட்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் நெல்டாவை நினைத்து என்று எண்ணிக்கொண்டார்கள். தப்பில்லை, நெல்டாவை நினைத்துத்தான்.

மார்ச் மூன்றாவது ஞாயிறு, நெல்டா தூங்கிக்கொண்டிருந்தபோது வெர்லீன் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"கல்லீரலுக்குப் போயிடுச்சாம் அத்தான். இனிமே கதிரும் வேணாம் ஒண்ணும் வேணாம்னுட்டாங்க. ஏப்ரல் பன்னெண்டு சனிக்கிழம கூட்டிட்டு வந்து விட்டுடறேன்."

"எவ்வளவு நாளுன்னு..."

"கோடைக்குள்ளன்னு சொல்றாங்க."

ஹோய்ட் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து நெல்டாவின் குரல் வந்தது. "ஹோய்ட்? மொட்டு விட்டிருக்கா?"

"குலை குலையா விட்டிருக்குடி," என்றார்.

அந்த வாரம்தான் பருவம் தப்பிக் குளிர் இறங்கியது. உறைபனி விழும் என்று வானொலியில் சொன்னதும் ஹோய்ட் வீட்டுக்குள் ஓடி, கைக்கு அகப்பட்டதை உருவிக்கொண்டு வந்து தளிரைப் போர்த்தினார். காலையில்தான் பார்த்தார், அது அவர்களுடைய கல்யாண மெத்தைவிரிப்பு, ஓனா தைத்துக் கொடுத்தது. பனியில் விறைத்துப்போயிருந்தது. மெல்லத் தூக்கினார். தளிர் கருகவில்லை. ஆனால் முதல் தளிரின் நுனியில், இலைகளுக்கு நடுவே, மிளகு அளவுக்கு ஒரு உருண்டை உட்கார்ந்திருந்தது.

ஹோய்ட் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டியா" என்றார். அப்புறம், "போயிட்டியே" என்றார். இரண்டு நாளில் நாலு தளிரும் மொட்டு வைத்தன. நாலும் இரண்டடி. ஒன்றுகூட ஓடவில்லை.

பட்டாணிப் பாத்தி என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஏப்ரல் இரண்டாம் தேதி டாய்ல் வேலிப் பக்கமிருந்து கத்தினான். "யோவ், பட்டாணி தண்ணியில்லாம சாகுதுய்யா. நெல்டா வந்து அதுக்கும் சேத்துத் திட்டுவா!" ஹோய்ட் குழாயை இழுத்துக்கொண்டு போனார். பட்டாணி பாதி காய்ந்துதான் கிடந்தது. ஆனால் அது ஏறி நின்ற குச்சியில் இலை இருந்தது. பட்டாணி இலை இல்லை. சிவப்பு ஓரம் வைத்த ரோஜா இலை.

குழாயைப் போட்டுவிட்டு மண்டியிட்டுத் தவழ்ந்தே முப்பது குச்சியையும் பார்த்தார். பதினெட்டு செத்திருந்தது, அதில் பாதியைத் தலைகீழாக ஊன்றியிருந்தார் கெட்டிக்காரர். பன்னிரண்டில் இலை. ஓடிப்போய் யூலாவுக்குத் தொலைபேசி போட்டார். மூச்சு வாங்கியதில் அந்தம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"இழுத்துப் பாக்காத!" என்று யூலா கத்தினார். "வேர் வந்துச்சான்னு இழுத்துப் பாக்காத!"

ஹோய்ட் இந்த முனையில் தொண்டையைச் செருமினார்.

"எத்தன இழுத்த?"

"மூணு."

"நீ மனுஷனா? கேளு, இல வந்தா வேர் வந்துச்சுன்னு அர்த்தமில்ல. குச்சிக்குள்ள இருக்கிற சத்துலதான் இல வரும். வெயில் ஏறினா பாதி செத்துடும். பட்டாணியப் பிடுங்கிப் போடு. ஒவ்வொண்ணுக்கும் ஜாடியக் கவுத்து, நிழல் கட்டு. அது கூரை மேல இருந்த கிளை. பொழைச்சா கொடியா வரும்."

ஹோய்ட் நெல்டாவின் அலமாரியைத் திறந்து, பீச் பழம் போட்டு வைத்திருந்த ஜாடி ஒன்பதைக் காலி செய்தார். பழத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தானே தின்றார், கொஞ்சம் டாய்லின் நாய் தின்றது. ஏழாம் தேதி ஜாடிக்குள் ஆறு பச்சை. ஒன்பதாம் தேதி மூன்று. பதினொன்றாம் தேதி ஒன்றே ஒன்று.

அந்தப் பதினொன்றாம் தேதிதான் அடிமரத்தில் முதல் பூ விரிந்தது. யூலா வந்து, ஈர மண்ணில் அப்படியே படுத்து, பூவைத் தொடாமல் இதழை எண்ணினார். காம்பைத் தடவி விரலை மோந்தார். அப்புறம் மூக்கைப் பூவுக்குள் விட்டு, ரொம்ப நேரம் வெளியே எடுக்கவே இல்லை.

"மிசஸ் ஆல்டன் பீச்சம்," என்றார். "என் அத்தை வீட்டுல இருந்துச்சு, புதரா. புதர் வேணும்னா பத்து வீட்டுல கேட்டு வாங்கித் தரேன். கொடி இருக்குன்னு படிச்சிருக்கேன், கண்ணால பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சு உன் கூரை மேல இருந்ததுதான்."

முப்பத்தோரு வருஷம் நெல்டா தேடிய பேர் கிடைத்துவிட்டது. கொடி இருந்த இடத்தில் தகரம் பளபளத்தது.

மறுநாள் மத்தியானம் வெர்லீனின் வண்டி வந்தது. ஹோய்ட் நெல்டாவைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தார். தூக்கும்போது கனமே இல்லை. நேராக முன்வாசலுக்குத் தள்ளினார்.

"வீட்டுக்குள்ள எதுக்கு? கெணத்துப் பக்கம் தள்ளு."

"களைச்சிருப்ப. மொதல்ல கொஞ்சம் படுத்துட்டு..."

"தள்ளுங்கிறேன்ல."

தள்ளினார். மூலை திரும்பியதும் நெல்டா முகத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். கூரையும் வானமும்தான் இருந்தது. அவள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தாள், ஏதோ தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்பது போல.

"கொடி எங்க?"

"வெட்டிட்டேன்." ஹோய்ட் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார், முன்னால் வர தைரியம் இல்லை. "காதலர் தினத்தன்னிக்கு. உனக்கு உதவியா இருக்கட்டும்னு... எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது."

"கூரை பூரா தளிருன்னியே."

"பொய்."

"குலை குலையா மொட்டுன்னியே. எத்தன ஞாயித்துக்கெழம சொன்ன?"

"ஏழு."

நெல்டா நாற்காலிக் கையை அடித்தாள். அடிக்கக்கூட பலமில்லை, சத்தமே வரவில்லை. "நான் அங்க படுத்துக்கிட்டு ஒவ்வொரு நாளும் அதப் பாத்துக்கிட்டு இருந்தேன், தெரியுமா? ஊசி குத்தறப்பவெல்லாம் இந்நேரம் இவ்வளவு பூத்திருக்கும், இவ்வளவு பூத்திருக்கும்னு... ஒண்ணே ஒண்ணு கேட்டேன்யா உன்கிட்ட. ஒண்ணே ஒண்ணு!" அவள் அழுத அழுகையைக் கேட்டு வண்டிப் பக்கம் நின்ற வெர்லீன் வீட்டுக்குள் போய்விட்டாள். ஹோய்டும் நின்று அழுதார்.

அழுது ஓய்ந்தபோதுதான் நெல்டா குனிந்தாள். முழங்காலுக்கு நேரே, கையெட்டும் தூரத்தில் நாலு பூ. ஒன்று நன்றாக விரிந்திருந்தது.

"இது என்ன?"

"அதேதான். புதராப் போயிடுச்சு. பேரு மிசஸ் ஆல்டன் பீச்சமாம்."

"யாரு அவ?"

"யாருக்குத் தெரியும்?"

"கிட்டத் தள்ளு."

அவள் பூவை இரண்டு கையாலும் ஏந்தி முகத்தோடு வைத்துக்கொண்டாள். சின்ன வயசிலிருந்து அவள் தலைக்கு மேலே பூத்த பூ. உதிர்ந்த இதழைத்தான் பொறுக்கியிருக்கிறாள், கண்காட்சிக்கு ஒடித்துக்கொண்டு போனதும் போய்ச் சேருவதற்குள் வாடிவிடும். செடியில் இருக்கிற பூவில் மூக்கை வைத்ததே இல்லை.

"இவ்வளவு வாசனையா இருந்துச்சு, அங்க மேல?" என்றாள். அப்புறம் முகத்தை எடுக்காமலே, "இதனால நீ பண்ணினது சரின்னு ஆயிடாது" என்றாள்.

"ஆகாது."

ஹோய்ட் பட்டாணிப் பாத்திக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசி ஜாடியைக் காட்டினார். உள்ளே ஒரு குச்சி, மூன்று இலை. நெல்டா அதை வெகுநேரம் பார்த்தாள். ஜாடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் அவள் கையெழுத்தில் பீச் என்று எழுதியிருந்தது.

"எப்ப பூக்கும்?"

"வேர் பிடிச்சா, மூணாவது வசந்தம்னு யூலா சொல்றாங்க."

இது என்ன கணக்கு, சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"கத்தரியக் கொண்டா," என்றாள் நெல்டா.

கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைக் கம்பளிக்குள் செருகிக்கொண்டாள். "மூணாவது வசந்தம் வரைக்கும் இந்தச் செடியில கை வெக்காத. நீ நல்லது பண்றேன்னு கெளம்பினாத்தான் எனக்குப் பயமே. பூத்து முடிஞ்சு மே மாசம் ஏணி போடு. காஞ்சத மட்டும் எடு. வளைச்சுக் கட்டு. என்ன?"

"சரி."

"திருப்பிச் சொல்லு."

அவர் திருப்பிச் சொன்னார். அடுத்த மூன்று மாதமும் தினம் ஒரு தடவை, கட்டிலில் படுத்தபடி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். ஜூலை கடைசியில் அவள் போனபோது கத்தரி தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

மறு பிப்ரவரி பதினாலு அன்று ஹோய்ட் கத்தரிக்குச் சாணை பிடித்தார். இருபத்திரண்டு புதரையும் வெட்டினார். மிசஸ் பீச்சத்தையும் வெட்டினார், அது இப்போது புதர்தானே, இருபத்திமூன்று. மத்தியானம் பாத்திப் பக்கம் போனார். ஜாடியை எடுத்து மாதங்கள் ஆகியிருந்தன. செடி தோள் உயரத்துக்கு வந்திருந்தது, இரண்டு நீளக் கிளை, நுனியில் மொட்டில்லை, கண்டபடி சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. கை தானாகக் கத்தரியைத் திறந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பழகிய கை.

வேலிக்கு அந்தப் பக்கம் டாய்ல் நின்றுகொண்டிருந்தான். "அதையும் வெட்டப் போறியா ஹோய்ட்?" என்றான், மெதுவாக.

"மே மாசம் ஏணி போடணும்," என்றார் ஹோய்ட். "காஞ்சத மட்டும் எடுக்கணும். வளைச்சுக் கட்டணும்."

கத்தரியை மூடிக் கொக்கியைப் போட்டு, கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். சமையலறையில் நின்று, கையில் இருந்த ரத்தக் கீறலைப் பார்த்தார். கழுவச் சொல்ல ஆளில்லை. அந்த வருஷம் நெல்டாவுக்கு அவர் கொடுத்தது அந்த வெட்டாமல் விட்ட செடிதான்.